அம்மா கடக்கப்போகும் 14,000 கிலோமீற்றர்

நாளை இரவு அம்மா ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறார். அக்காவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகப்போகிறது. "எத்தனை மணித்தியாலம் தம்பி பறக்க வேண்டும்?" என்று ஒரு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று காலை மகளின் பூகோள உருண்டையை எடுத்து, அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த சிவப்பு நூலின் ஒரு நுனியைக் கொழும்புக்கு அருகே விமான நிலையம் உள்ள கட்டுநாயக்காவிலும் மறு நுனியை ரொறன்ரோவிலும் வைத்து இழுத்துப் பிடித்தேன். நூல் ரஷ்யாவைக் கடந்து, நோர்வேயின் வடக்கு ஓரத்தைத் தொட்டு, கிரீன்லாந்துக்கு மேலாக இறங்கியது! சுவரில் தொங்கும் தட்டையான உலகப்படம் இதைக் காட்டவே காட்டாது. அந்தக் குறுகிய வழியே சுமார் 14,000 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பதினைந்தரை மணித்தியாலம்.

ஆனால் நேரடி விமானம் இல்லை. டுபாய்க்கு நாலரை மணித்தியாலம், அங்கே காத்திருப்பு, பிறகு இன்னொரு பதினான்கு. மேற்கே போகும்போது மேல்வானத்துக் காற்று எதிர்த்து வீசும். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும், நேரம் குறையும்.

இதற்கெல்லாம் முன்னால் யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், ஒரு முழு இரவு பஸ்ஸில். முழங்கால் வலியோடு அம்மாவுக்கு அதுதான் பெரிய பயணம். யாழ்ப்பாணத்துக்கு அருகே பலாலியில் 2019இல் சர்வதேச விமான நிலையம் திறந்தபோது நான் எவ்வளவு மகிழ்ந்தேன்! நம் அம்மாக்கள் அங்கேயே ஏறிப் போகும் நாள் வர வேண்டும்.

பெட்டி 23 கிலோ எல்லையில் நிற்கிறது. காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா இன்னும் வெளியே இருக்கிறது.