கினோசாகியில் ஓர் இரவு: விடுதி தேடிய அனுபவம்

அம்மாவுடன் கியோட்டோ செல்வது உறுதியானதும், ஓர் இரவாவது ரியோக்கன் எனப்படும் பழைய பாணி ஜப்பானிய விடுதியில் தங்கிவிட வேண்டும் என்று எண்ணி, அங்கிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய கினோசாகி ஓன்சென் என்ற வெந்நீர் ஊற்றுள்ள ஊரைத் தேர்ந்தெடுத்தோம். நவம்பரில் நண்டுப் பருவம் தொடங்கி விலையும் கூட்டமும் ஏறிவிடும் என்பதால் அக்டோபர் கடைசி வாரத்தைக் குறித்துக்கொண்டோம். ஊரை முடிவு செய்ய ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. விடுதியை முடிவு செய்யவோ மூன்று வாரம் பிடித்தது.

முதலில் நான் ஏமாந்தது விலையில். 24,000 யென் என்பதை அறை வாடகை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ரியோக்கன்களில் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. இரவு உணவும் காலை உணவும் அதிலேயே அடக்கம். உணவின்றித் தங்கும் ‘சுதோமாரி’ என்ற ஏற்பாடு மலிவுதான் என்றாலும், அந்தச் சிற்றூரில் இருட்டிய பிறகு சைவச் சாப்பாடு தேடி முழங்கால் வலியுள்ள அம்மாவை நடத்த எனக்கு மனம் வரவில்லை.

இறுதியில் இரண்டு விடுதிகள் மிஞ்சின. ஒன்று வில்லோ மரங்கள் நிற்கும் ஆற்றங்கரையில் இருந்த பழைய மரக்கட்டடம். படங்களைப் பார்த்தவுடனே மனத்தைப் பறிகொடுத்துவிட்டேன். மற்றொன்று பின்தெருவில், சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் தெரியும் புதிய கட்டடம். இரண்டுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று மட்டும் எழுதினால் போதாது. மிசோ சூப்பிலிருந்து வேகவைத்த காய் வரை எல்லாவற்றுக்கும் அடிப்படையான ‘தாஷி’ சாறு பெரும்பாலும் உலர்த்திய கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு எடுப்பது என்பதால், அதைக் கொம்பு என்னும் கடற்பாசியிலோ உலர்ந்த ஷிட்டாக்கே காளானிலோ செய்து தர இயலுமா என்று தனியாகக் கேட்டிருந்தேன். ஆற்றங்கரை விடுதி, மீன் துண்டுகளை நீக்கித் தருவோம், சாற்றை மாற்ற இயலாது என்று நேர்மையாகப் பதில் எழுதியது. பின்தெரு விடுதி, ஒரு வாரம் முன்னதாக உறுதி செய்தால் கொம்புச் சாற்றிலேயே சமைப்பதாகச் சொன்னது.

அப்படியும் மனம் ஆற்றங்கரையை விடவில்லை. அதை விடவைத்தது குளியல். கினோசாகியின் பெருமையே அதன் ஏழு பொதுக் குளியலகங்கள்தான். விடுதியில் தங்குபவர்கள் யுகாதா என்னும் மெல்லிய பருத்தி அங்கி அணிந்து, மரச்செருப்பு ஒலிக்க, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இலவசமாகச் சென்றுவரலாம். ஆனால் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும். பெண்களுக்குத் தனிப்பகுதி இருந்தாலும், பிறர் முன்னால் அப்படிக் குளிக்க அம்மா ஒருபோதும் உடன்படமாட்டார். பின்தெரு விடுதியில், குடும்பமாகவோ தனியாகவோ உள்ளே தாழிட்டுக்கொள்ளும் ‘காஷிகிரி’ குளியலறையை முக்கால் மணி நேரத்துக்கு ஒதுக்கித் தந்தார்கள். தாதமிப் பாய்மேல் ஃபூட்டோன் மெத்தையில் படுத்து எழுவது முழங்காலுக்கு ஆகாது என்றதும், கட்டில் போட்ட அறையையும் காட்டினார்கள். அன்றே பதிவு செய்துவிட்டேன்.

இரவு உணவு ஆறு மணிக்கு என்பதால் நான்கு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். பரிமாறிய பெண்மணி ஒவ்வொரு கிண்ணத்தையும் வைக்கும்போது அதைச் சுட்டி “கொம்பு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார், நான்காவது கிண்ணத்திலிருந்து அம்மாவே முந்திக்கொண்டு “கொம்பு?” என்று கேட்கத் தொடங்கினார். மறுநாள் காலை உணவில் வெந்நீரில் அரைவேக்காடாக வெந்த முட்டை ஒன்று ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் வந்தது. கடிதத்தில் இறைச்சி, மீன், சாறு என்று அத்தனையும் எழுதிய நான் முட்டையை எழுத மறந்திருந்தேன். இரண்டையும் நானே சாப்பிட்டேன்.