டி லைசென்ஸ் கோர்ஸுக்குப் போகிறவர்களுக்கு, கடலூரிலிருந்து

கால்பந்து கோச்சுகளுக்கான டி லைசென்ஸுக்குப் பணம் கட்டிய தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, ஜக்ளிங் எத்தனை அடிக்கச் சொல்வாங்க?" என்பதுதான். பந்தைக் கீழே விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும் அந்த வித்தைக்கு நான் போன கோர்ஸில் மார்க்கே இல்லை. உங்கள் இடது கால் எவ்வளவு நல்ல கால் என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளையும் சில பந்துகளையும் ஒரு துண்டு கிரவுண்டையும் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்றுதான் பார்த்தார்கள். மாநில அணிக்கு ஆடியவர்கள் திணறியதையும், ஒரு மேட்ச்கூடப் பெரிதாக ஆடாத பி.இ.டி. டீச்சர் ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் தேறியதையும் நேரில் பார்த்தேன்.

படிக்கட்டு இப்படி. அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பான ஏஐஎஃப்எஃப் தருவது டி. அதற்கு மேலே ஆசியக் கூட்டமைப்பான ஏஎஃப்சியின் சி, பி, ஏ, புரோ. ஒன்றைத் தாண்டித்தான் அடுத்ததற்குப் போக முடியும். தெருமுனை கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கு டியும் சியும் போதும். விண்ணப்பத்துக்கு முன்பே ஏஐஎஃப்எஃப்பின் சி.ஆர்.எஸ். என்ற ஆன்லைன் பதிவில் உங்கள் பெயரை ஏற்றிவிடுங்கள். ஆதாரில் ஓர் இனிஷியல், மார்க்‌ஷீட்டில் வேறு இனிஷியல் என்றிருந்தால் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். கோர்ஸ் தேதி அறிவித்தபின் இ-சேவை மையத்தில் நிற்க நேரம் இருக்காது.

இனி செய்முறைத் தேர்வு. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தலைப்பு ஒன்று கொடுப்பார்கள். பாஸ் கொடுப்பது, பந்தோடு ஓடுவது, பந்தை வாங்கித் திரும்புவது என்று ஏதாவது ஒன்று. எனக்கு வந்தது வாங்கித் திரும்புவது. செஷன் பிளான் எழுதி, படம் வரைந்து, மறுநாள் அதை நடத்திக்காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் உடனே செய்வது, கோன்களை நேராக அடுக்கி, பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்துவது. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கற்றோம், அதனால் கை தானாக அங்கே போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து விநாடி என்றால், பன்னிரண்டு பேர் வரிசையில் ஒருவனுக்குத் திரும்பவும் முறை வர இரண்டு நிமிடம் ஆகும். பதினைந்து நிமிடத்தில் அவன் ஏழு தடவை பந்தைத் தொட்டிருப்பான். மற்ற நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் ஜெர்சியை இழுத்துக்கொண்டிருப்பான். அதே பன்னிரண்டு பேரை மும்மூன்றாக நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பந்து கொடுத்தால், அதே பதினைந்து நிமிடத்தில் முப்பது தடவை. மதிப்பிடுகிறவர் பிளானைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது இதைத்தான்.

பிறகு படிப்படியாகக் கடினமாக்க வேண்டும். முதலில் எதிராளி இல்லாமல். அடுத்தது இருவருக்கு எதிராக ஒருவர். கடைசியில் சின்ன கோல் வைத்து நாலுக்கு நாலு மேட்ச். அந்த மேட்சிலும் தலைப்பு தெரிய வேண்டும். வாங்கித் திரும்புவதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆட்டத்தில் எல்லோரும் பந்தைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தால் செஷன் கெட்டது. நான் ஒரு விதி வைத்தேன்: நடுக்கோட்டுப் பக்கம் பந்தை வாங்கித் திரும்பிப் போட்ட கோலுக்கு இரண்டு புள்ளி. பிள்ளைகள் தாங்களாகவே திரும்பத் தொடங்கிவிட்டார்கள். நான் வாயைத் திறக்க வேண்டிய தேவை பாதியாகக் குறைந்தது.

வாய் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர்க் கோச்சுகளுக்குக் கத்தாமல் இருக்க வராது. "ஓடுறா, அடிறா, பாஸ் குடுறா" என்பது பயிற்சி ஆகாது, அது வானொலி வர்ணனை. தேர்வில் எதிர்பார்ப்பது வேறு. சரியான நேரத்தில் "ஸ்டாப்" சொல்லி, எல்லோரும் இருந்த இடத்திலேயே நிற்க, தவறு நடந்த இடத்துக்குப் போய், "பந்து வர்றதுக்கு முன்னாடி தோளுக்குப் பின்னால பாத்தியா?" என்று கேட்டு, செய்துகாட்டி, அந்தப் பிள்ளையையே திரும்பச் செய்யவைத்து, ஆட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும். இவ்வளவும் அரை நிமிடத்துக்குள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு குறிப்பு. தோளுக்குப் பின்னால் பார், உடம்பைப் பக்கவாட்டில் வை, தூரத்துக் காலால் வாங்கு, முதல் தொடுதலை காலி இடத்துக்குள் தள்ளு என்று நான்கையும் ஒரே மூச்சில் கொட்டினால், எட்டு வயதுப் பிள்ளை நான்கையும் மறந்துவிடும். திரும்பத் திரும்ப நிறுத்திக்கொண்டே இருந்தாலும் மார்க் போகும். அதனால் எதை விட்டுவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு இறங்குங்கள்.

நிற்கும் இடத்துக்கும் கவனம் கொடுங்கள். கட்டத்துக்கு வெளியே, யாருக்கும் முதுகு காட்டாத மூலையில் நில்லுங்கள். பேசும்போது வெயில் உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும், பிள்ளைகள் முகத்தில் அடிக்கக் கூடாது. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் மாலையில் இதைக் கடைப்பிடித்தால் அத்தனை பிள்ளைகளும் கடலைப் பார்த்து நிற்பார்கள். ஒரு படகு வந்தால் போதும், நீங்கள் சொன்னது காற்றோடு போய்விடும். அங்கே நான் எல்லோரையும் உட்காரவைத்துக் கிட்டே வரச்சொல்லிப் பேசுவேன். மாலைக் கடல்காற்றில் தூரத்திலிருந்து கத்துவது எப்படியும் வீண். தேர்வுக்கு முன் இதை உங்கள் சொந்த கிரவுண்டில், சொந்தப் பிள்ளைகளை வைத்துப் பழகுங்கள். யாரையாவது மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

எழுத்துத் தேர்வுக்கு ஆட்ட விதிகள் 17ஐயும் புதிய பதிப்பில் படியுங்கள். பழைய நோட்ஸ் ஜெராக்ஸ் ஒன்று எல்லா ஊரிலும் கைமாறிக்கொண்டிருக்கிறது, அதை நம்பாதீர்கள். கோல் கிக் பெனால்டி ஏரியாவை விட்டு வெளியே வந்தால்தான் ஆட்டத்தில் சேரும் என்பது 2019லேயே போய்விட்டது. கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்க ஆறு விநாடி, மீறினால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்பதும் 2025இல் மாறிவிட்டது. இப்போது எட்டு விநாடி, மீறினால் எதிரணிக்குக் கார்னர். த்ரோ-இன்னிலிருந்து நேராக எதிரணி கோலுக்குள் போனால் கோல் கிக், சொந்த கோலுக்குள் போனால் கார்னர். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலும் நேரடியாக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. பெரும்பாலும் ஆஃப்சைடு பார்க்காத ஃபைவ்ஸ், செவன்ஸ் (ஐவர், எழுவர்) டோர்னமென்ட்டிலேயே வளர்ந்தவர்கள் ஆஃப்சைடு கேள்வியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

பந்தின் அளவையும் கேட்பார்கள். எட்டு வயதுக்குள் மூன்றாம் நம்பர், பன்னிரண்டு வரை நான்காம் நம்பர், அதற்கு மேல் ஐந்து. நம் கிளப்புகளில் இருப்பதே ஐந்தாம் நம்பர் பந்து இரண்டுதான், அதையே ஆறு வயதுப் பிள்ளையும் உதைக்கிறது. ஐந்தாம் நம்பர் 410 முதல் 450 கிராம் வரை எடை. நான்காம் நம்பர் 350 முதல் 390. அடுத்த முறை யாராவது ஸ்பான்சர் ஜெர்சி அடித்துத் தருகிறேன் என்றால், ஜெர்சி வேண்டாம், நான்காம் நம்பர் பந்து வாங்கிக் கொடுங்கள் என்று கேளுங்கள்.

வார்ம்-அப் என்ற பெயரில் கிரவுண்டைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓடவைப்பதை கோர்ஸோடு விட்டுவிடுங்கள். ஃபிஃபாவின் 11+ என்ற வார்ம்-அப் பயிற்சியில் பிள்ளைகளுக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது: ஒற்றைக் காலில் நிற்பது, தாவி இறங்குவது, சரியாக விழக் கற்பது. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, செக் குடியரசு ஆகிய நான்கு நாடுகளில் 7 முதல் 13 வயதுக்குட்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் அது காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. செலவும் இல்லை. ஹெடிங், அதாவது பந்தைத் தலையால் அடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கூட்டமைப்பு 2015லேயே பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஹெடிங் வேண்டாம் என்றது. இங்கிலாந்து 2020இல் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து அதை எடுத்தது. தலையில் அடிபட்டு மயக்கமாக, குழப்பமாகத் தெரியும் பிள்ளையை அன்று திரும்ப இறக்காதீர்கள், ஃபைனலாக இருந்தாலும்.

முதலுதவி வகுப்பில் தூங்கிவிடாதீர்கள். 2021 யூரோ கோப்பையில் டென்மார்க் வீரர் எரிக்சன் இதயம் நின்று கிரவுண்டில் சரிந்தபோது, உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கியதும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரும்தான் அவரைக் காப்பாற்றின. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். உங்கள் கிரவுண்டுக்கு 108 வண்டி எந்த கேட் வழியாக உள்ளே வரும், அந்த கேட் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள்.

கிளப் விஷயத்துக்கு வருவோம். பெரிய கிளப்புகளுக்கான ஏஎஃப்சி லைசென்ஸ் ஐந்து தலைப்புகளில் கேட்கிறது: விளையாட்டு, கட்டமைப்பு, ஆட்கள் மற்றும் நிர்வாகம், சட்டம், நிதி. நம் கிளப்புக்கு அந்த லைசென்ஸ் தேவைப்படாது. ஆனாலும் அந்த ஐந்து தலைப்புகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்குக் கீழும் நம்மிடம் என்ன இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். நிதிக்குக் கீழே பொருளாளர் சட்டைப்பை என்று எழுத வேண்டியிருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு திறக்கலாம், கிரவுண்டு கேட்டு மனு கொடுக்கலாம்.

நம் பக்கத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனால் பாகூர்ப் பக்கம், அது புதுச்சேரி. பிள்ளைகளுக்கு எல்லை தெரியாது, ஒரே கிரவுண்டில் ஆடுவார்கள். ஆனால் அங்கே கால்பந்துச் சங்கம் வேறு, இங்கே வேறு. ஒரு பிள்ளையை எந்தப் பக்கம் பதிவு செய்கிறீர்கள் என்பதைப் பெற்றோரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் நகலை முதல் நாளே வாங்கிவிடுங்கள். வயதுக் குறைப்பு செய்து கொண்டுபோனால் மணிக்கட்டு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், அவமானம் பிள்ளைக்குத்தான்.

பிள்ளைகள் பாதுகாப்பு வகுப்பில் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறோம், அது சரியில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். கோச்சுக்கும் அது பொருந்தும். ஒரு பிள்ளையை மட்டும் பைக்கில் ஏற்றிப் போகாதீர்கள், எப்போதும் இன்னொரு பெரியவர் கூட இருக்கட்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் ஆக்குங்கள். கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். அவரைச் சொல்லித்தான் இங்கே பல பெண் பிள்ளைகளை கிரவுண்டுக்கு அழைத்துவருகிறோம். அவர்களின் அம்மாக்கள் முதலில் கேட்பது லைசென்ஸை அல்ல, "அங்க லேடீஸ் யாராவது இருப்பாங்களா சார்?" என்பதை. அதனால் கோர்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது கிளப்பில் ஆடி முடித்த அக்கா ஒருவரையும் சேர்த்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பஸ் செலவை கிளப் ஏற்கலாம்.

தேறிய பிறகு செஷன் பிளான்களைத் தூக்கிப்போடாதீர்கள். தேதி, வயது, எத்தனை பேர் வந்தார்கள், எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வரி எழுதி ஃபைலில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிரவுண்டு குளமாகிற வாரங்களில் உட்கார்ந்து அதைப் புரட்டலாம். சி லைசென்ஸுக்குப் போகும்போது அந்த ஃபைல்தான் கைகொடுக்கும்.