எம்8 போல்ட்: மரை உருளும் முன்பே முடிவாகிவிடும் கதை

எம்8 (8 மி.மீ. மரை), பிட்ச் எனும் மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ., நீளம் 30 மி.மீ., தலைவரை முழு மரை, 8.8 கிரேடு (பலத்தின் வகுப்பு), துத்தநாகப் பூச்சு. இந்த ஆறுமூலை போல்டை லைனில் ஓட்டிப் பார்த்தால் ஒன்று சீக்கிரமே புரிந்துவிடும்: மரையில் வரும் கோளாறில் பாதி, மரை மெஷினில் பிறப்பதே இல்லை.

லேத்தில் போல இங்கே மரை போட உலோகத்தைச் சீவுவது கிடையாது. மரைப் பள்ளம் வெட்டிய இரண்டு தட்டை அச்சுகளுக்கு (டை) நடுவில் தண்டு உருளும். பள்ளத்தில் அமுங்கும் இரும்பு மேடாக எழும்பும். அதனால் தண்டின் விட்டம் 8 மி.மீ. இருக்கக் கூடாது, 7.1 மி.மீ. அளவில்தான் இருக்க வேண்டும். அது 0.02 மி.மீ. கூடினால் மரையின் வெளிவிட்டம் அதைப்போல சுமார் மூன்று மடங்கு, அதாவது 0.06 மி.மீ. கூடும். டை நிரம்பி வழிந்து, மரை உச்சியில் செதில் செதிலாக உரியும், டையும் உடையும். குறைந்தால் உச்சி நிரம்பாமல் மொட்டையாக நிற்கும். கம்பிச் சுருள் மாறும்போதெல்லாம் மைக்ரோமீட்டரைக் கையில் எடுப்பது இதற்காகத்தான்.

அதற்கு முன்னால் தலை. 13 மி.மீ. அகலம், 5.3 மி.மீ. உயரத் தலைக்கு ஏறத்தாழ 20 மி.மீ. கம்பி தேவை, விட்டத்தைப் போல 2.8 மடங்கு. ஒரே அடியில் சுமார் 2.25 மடங்கு வரைதான் தாங்கும், மீறினால் கம்பி வளைந்து தலைக்குள் மடிப்பு விழும். ஆகவே இரண்டு அடி: முதலடியில் கூம்பு, இரண்டாவதில் தலை. தலையோரத்தில் சாய்வாக வெடித்தால் கம்பி சரியாகப் பதமாகவில்லை என்று அர்த்தம். நெடுக்காக, தண்டு வரை கோடு ஓடினால் கம்பியிலேயே இருந்த கீறல். மெஷினை நோண்டிப் பயனில்லை.

ஆறுமூலை வெட்டியதும் நுனியைச் சரிவாகச் சீவிவிட வேண்டும். சீவாமல் விட்டால் டையின் ஓரம் உதிரும். மரை உருட்டும்போது இரண்டு டைகளும் பொருந்தாவிட்டால் ஒரு மரைமேல் இன்னொரு மரை ஏறி இரட்டைக் கோடாகிவிடும். முதல் பத்து போல்ட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலே தெரியும்.

அடுத்து 870 டிகிரி சுற்றில் உலை, எண்ணெயில் முக்கல், பிறகு நொறுங்காமலிருக்க 425 டிகிரிக்குக் குறையாமல் மறுபடி சூடாக்கும் டெம்பரிங். கடினம், அதை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் 22 முதல் 32 வரை. உலைக்குள் கார்பன் குறைந்தால் நடுப்பகுதி சரியாகவே காட்டும், மரையின் தோல் மட்டும் மென்மையாகி, முறுக்கும்போது வழித்துக்கொண்டு போகும். நடுவை மட்டும் சோதிப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

கடைசியில் பூச்சு. மரையின் இரு சரிவுகளுக்கு நடுவே உள்ள கோணம் 60 டிகிரி என்பதால் 1 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒன்று) பூச்சு ஏறினால், மரைச் சரிவின் நடுவில் அளக்கும் பிட்ச் விட்டம் 4 மைக்ரான் பெருக்கும். எம்8-க்கு 6ஜி எனும் மரைத் தளர்வு வகுப்பு விட்டுவைக்கும் இடைவெளி 28 மைக்ரான். தண்டை மேல் எல்லையிலேயே ஓட்டியிருந்தால் பூச்சு 7 மைக்ரானைத் தாண்டியதும், மரை சரிதானா என்று திருகிப் பார்க்கும் கோ கேஜ் ஏறாது. திட்டு பிளேட்டிங்காரருக்கு விழும். கோளாறு, தண்டின் விட்டத்தை வைத்த முதல் டேபிளில் இருக்கும்.

பூச்சுத் தொட்டியில் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து போல்டை நொறுங்க வைக்கும் பயம் 8.8-க்குப் பொதுவாக இல்லை. இன்னும் கடினமான 12.9 கிரேடை இதே தொட்டியில் போட்டால், உடனே 200 டிகிரி அளவில் சில மணி நேரம் சுட வேண்டும். சுட்டாலும் முழு உத்தரவாதம் கிடையாது. முறுக்கும்போது நன்றாக நிற்கும். மறுநாள் காலையில் தலை தனியாகக் கிடக்கும்.