லோ மந்தாங் நாட்குறிப்பு

2019 அக்டோபர் 11, காக்பேனி

காலை விமானத்தில் நேபாளத்தின் முஸ்தாங் பகுதியிலுள்ள ஜோம்சோம் வந்து இறங்கியதுமே ஜீப்காரர் அவசரப்படுத்தினார். ஏன் என்று பதினொரு மணிக்குப் புரிந்தது. காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து காற்று கிளம்பினால் சாயங்காலம் வரை ஓயாது. வாயைத் திறந்தால் மணல்.

ஆற்றங்கரையில் ஒரு கறுப்புக் கல்லை எடுத்தேன். ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே சுருள் சுருளாக வரிகள், விரலால் தடவினால் ஒவ்வொன்றும் தட்டுப்படுகிறது. கடல் உயிர் ஒன்றின் தடம், 2,800 மீட்டர் உயரத்தில்! சாளக்கிராமம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இந்தப் பக்கம்தான். அம்மா தினமும் திருமஞ்சனம் செய்யும் கல் இங்கிருந்து எத்தனை கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்ததோ. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12, கமி

நாள் முழுக்க ஜீப். தலைவலி. ஊருக்கு வெளியே நீளமான மணிச் சுவர், மந்திரம் பொறித்த கற்களை அடுக்கியது. திபெத்தில் பௌத்தத்தைப் பரப்பிய குரு ரின்போச்சே கொன்ற அரக்கியின் குடல்தான் அது என்கிறார்கள். சீக்கிரம் படுக்க வேண்டும்.

அக்டோபர் 13, லோ மந்தாங்

கணவாய் ஏறி இறங்கியதும் மண்சுவருக்குள் ஒரு முழு ஊர். 1380 வாக்கில் அமே பால் நிறுவிய லோ அரசின் தலைநகரம். திபெத்து உப்பு கீழே போகவும் தானியம் மேலே வரவும் அந்தக் காலத்தில் இதுதான் வழி. அந்த வணிகத்தில் செழித்த ஊர்.

அரண்மனை பூட்டியிருக்கிறது. 2015 நிலநடுக்கத்தில் விட்ட விரிசல்கள் வெளியிலிருந்தே தெரிகின்றன. 2008இல் நேபாளத்தில் முடியாட்சி போனபோது இங்குள்ள ராஜா ஜிக்மே தோர்ஜே பல்பார் பிஸ்தாவின் பட்டமும் போயிற்று. 2016 டிசம்பரில் அவர் காலமானார். நான் "முன்னாள் ராஜா" என்று ஆரம்பித்ததும், தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டி குறுக்கிட்டு, "கியால்போ" என்றார். ராஜா என்று அர்த்தமாம். "முன்னாள்" அவரிடம் இல்லை. அப்புறம் நானும் அப்படியே சொன்னேன்.

அக்டோபர் 14, லோ மந்தாங்

துப்சென் மடத்துக்குள் கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரமாகும். கூரைத் திறப்பின் வழியே வரும் ஒளியில் முதலில் மரத்தூண்கள், பிறகு சுவரில் புத்தர்கள். 15ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். புகையும் அழுக்கும் படிந்து மங்கிக் கிடந்தவற்றைச் சுத்தம் செய்து மீட்டவர்கள் பெரும்பாலும் இந்த ஊர்க்காரர்களே; இத்தாலிய நிபுணர் லூய்ஜி ஃபியேனியிடம் பயிற்சி பெற்றவர்கள், பெண்களும் உண்டு. ஒரு புத்தரின் விரல் நுனியில் நகம்கூடத் தெளிவாக இருக்கிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது ஆடுகள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. பாட்டி அரண்மனைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மணி உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இடம் விட்டார். உட்கார்ந்தேன்.