துவைக்கக் கூடாத துணி

இங்கிலாந்தில், பழந்துணிகளையும் தோல் பொருட்களையும் பாதுகாக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். தேவாலயத் திரைச்சீலை, ராணுவச் சீருடை, கல்யாண கவுன் என்று பலதும் மேசைக்கு வரும். ஆனாலும் பழைய வீட்டுச் சுவருக்குள்ளிருந்து எடுத்து வருபவற்றின் மேல்தான் எனக்குத் தனிப் பிரியம்.

புகைபோக்கியை இடிக்கும்போதோ தரைப்பலகையைப் பெயர்க்கும்போதோ கொத்தனார் கையில் ஒரு ஷூ சிக்கும். சில நேரம் சட்டை, தொப்பி. எல்லாமே தவறி விழுந்தவையாக இருக்க முடியாது. செங்கல் வைத்து அடைத்த பொந்துக்குள் ஷூ தானாகப் போய் உட்காராது. நார்தாம்ப்டன் அருங்காட்சியகத்தில் காலணிச் சேகரிப்பின் காப்பாளர் ஜூன் ஸ்வான் 1950-களில் தொடங்கிய பதிவேட்டில் இப்படிக் கிடைத்த ஷூக்கள் பற்றி 2012-க்குள்ளேயே சுமார் 1,900 பதிவுகள் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் ஒற்றை ஷூ, நன்றாகத் தேய்ந்தது. பாதியளவு குழந்தைகளுடையவை.

எதற்காக வைத்தோம் என்று அந்தக் காலத்தவர் எழுதி வைக்கவில்லை. புகைபோக்கி, கதவு, ஜன்னல் வழியாகக் கெட்டது வீட்டுக்குள் வரும், உடம்போடு ஒட்டிக் கிடந்த பொருள் அதைத் தடுக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம் என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். சாத்தானை பூட்ஸுக்குள் அடைத்ததாகச் சொல்லப்படும் 14-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஜான் ஷோர்னின் கதையிலிருந்துதான் இந்த வழக்கம் வந்தது என்று சிலர் சொல்வார்கள். ஷூவுக்கு அது பொருந்தலாம். சட்டைக்கும் தொப்பிக்கும் எப்படிப் பொருந்தும்? எனக்கு முதல் விளக்கமே சரியாகப் படுகிறது.

அண்மையில் 18-ஆம் நூற்றாண்டுக் குழந்தை ஷூ ஒன்று வந்தது. அக்காலத்தில் பெரும்பாலும் இடது வலது பார்த்துத் தைப்பதில்லை. ஆனாலும் தேய்மானத்தைப் பார்த்ததுமே வலது காலில் போட்டது என்று புரிந்தது. உள்தோலில் பெருவிரல் அழுத்திய குழி. நுனி பிய்ந்து, ஒட்டுப்போட்டு, அந்த ஒட்டும் பிய்ந்திருந்தது. பக்கிளை மட்டும் யாரோ கழற்றிக்கொண்டிருந்தார்கள். விலையுள்ள பொருள், இன்னொரு ஷூவுக்கு ஆகும். தையலிடுக்கில் சுண்ணாம்பு, மேலெல்லாம் புகைக்கரி.

வீட்டுக்காரர் அதைப் பளிச்சென்று ஆக்கித் தரச் சொன்னார். நாங்கள் செய்யவில்லை. அது புகைபோக்கிக்குள் இருந்ததற்குக் கரி சாட்சி, கட்டும்போதே வைத்ததற்குச் சுண்ணாம்பு சாட்சியாக இருக்கலாம். உதிரும் தூசியை மட்டும் மென்தூரிகையால் எடுத்து, அதையும் குப்பியிலிட்டு எண் போட்டோம். சட்டையானாலும் இப்படித்தான்: சுருட்டித் திணித்த மடிப்பை நீவிவிட்டால் திணித்த கையின் தடயமும் போய்விடும். மறைத்து வைத்த ஆடைகளுக்கென்றே துணிப் பாதுகாப்பு வல்லுநர் டைனா ஈஸ்டாப் 1998-இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் எங்கள் துறையில் இந்தப் பார்வையை ஊன்றியது. அழுக்கைக் கண்டதும் கழுவத் துடிக்கும் கையைக் கட்டிப்போடுவதுதான் இந்த வேலையில் கடினமான பாடம்.

எடுத்ததைத் திரும்ப வைத்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 2016-இல் சுமார் 300 ஆண்டு பழைய ஆண் ஷூ கிடைத்தபோது, அதை மீண்டும் சுவருக்குள்ளேயே வைக்கத் திட்டமிட்டார்கள். முழுதாக ஆவணப்படுத்திய பிறகென்றால் எனக்கும் சம்மதமே.

கொத்தனார்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கையில் எடுக்கும் முன், கிடந்த இடத்திலேயே ஒரு போட்டோ, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒரு குறிப்பு. ஷூவை நான் காப்பாற்றிவிடுவேன். அது கிடந்த பொந்து இடிந்த பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.