மக்மாவுக்க போன துளை

திருகோணமலை கன்னியா வெந்நீரூத்தில குளிச்சிட்டு வந்த ஒருத்தன் வெள்ளவத்தையில டீ குடிக்கேக்க கேட்டான், "மச்சான், அங்க ஆழமா துளைச்சா கரண்ட் எடுக்கலாம்தானே, பிறகேன் நுரைச்சோலை மின்நிலையத்துக்கு நிலக்கரி இறக்கிறாங்கள்?" நல்ல கேள்வி. ஆனா எங்கட நாட்டில உயிரோட எரிமலை ஒண்டும் இல்ல, மழைத்தண்ணி பாறை வெடிப்புகளுக்கால ஆழத்துக்குப் போய் சூடாகித் திரும்பி வருது, குளிக்கக் காணும், டேர்பைன் சுத்தக் காணாது.

அந்த வேலைக்கு ஐஸ்லாந்துதான். 2009இல கிறாப்லா எரிமலையில ஐடிடிபி-1 எண்ட கிணத்தை 4.5 கிலோமீற்றர் வரைக்கும் துளைக்கிறது பிளான். 374 பாகை செல்சியஸ் சூடு, 221 பார் அமுக்கம், இந்த ரெண்டையும் தாண்டினா தண்ணியை திரவம் எண்டும் சொல்லேலாது ஆவி எண்டும் சொல்லேலாது, அப்பிடிப்பட்ட தண்ணி கிடைச்சா ஒரே கிணத்தில பல கிணத்து கரண்ட் எடுக்கலாம் எண்ட கணக்கு. ஆனா 2.1 கிலோமீற்றரிலயே துளைக்கிற கம்பி திரும்பத் திரும்ப இறுகுது, பிறகு பாத்தா மேல வாற தூளுக்க புதுக் கண்ணாடித் துண்டு. மக்மா, அதாவது நிலத்துக்கடியில உருகிக் கிடக்கிற பாறை, சட்டெண்டு ஆறினாத்தான் அப்பிடிக் கண்ணாடியாகும். சுமார் 900 பாகை மக்மா! அவ்வளவு அளவீடு செய்தும் அது அங்க இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வெடிக்கேல்ல. (1977இல பக்கத்தில ஒரு கிணத்துக்கால மக்மாவே வெளிய வந்து கொட்டியிருக்கு, அதால பயப்பிட்டிருந்தாலும் நியாயம்தான்.)

மூடிட்டுப் போகாம அந்தக் கிணத்தையே திறந்து விட்டுப் பாத்தாங்கள், அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். 450 பாகைக்கு ஆவி வந்துது. 30 மெகாவாட்டுக்கு மேல எடுக்கலாம் எண்டு மதிப்பிட்டாங்கள், கிறாப்லா மின்நிலையம் முழுக்கவே 60தான். ஆனா அந்த ஆவியில அமிலமும் கிடக்கு, சிலிக்காவும் கிடக்கு, 2012இல வால்வ் பழுதாக குளிர்தண்ணி பம்ப் பண்ணித்தான் அடக்கினது, காயிற சட்டியில பச்சைத்தண்ணி ஊத்தின மாதிரி உள்ளுக்க இருந்த இரும்புக் குழாய் சுருங்கிப் பழுதாப் போச்சு.

அடுத்த கிணறு ஐஸ்லாந்திலயே ரெய்க்யனேஸ் எண்ட இடத்தில, 2017 ஜனவரியில 4,659 மீற்றர், 427 பாகை, 340 பார். தேடின நிலைமை கிடைச்சிட்டுது, ஆனா அங்கயும் குழாய் பழுது! எல்லாரும் எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடு எண்டுதான் கதைக்கிறாங்கள், என்னைக் கேட்டா குழாயும் சீமெந்தும் வால்வும் செய்யிறவங்கள்தான் இதில மெயின் ஆக்கள். இப்ப கிறாப்லாவில தெரிஞ்சே மக்மாவுக்க துளைக்கிற திட்டம் ஒண்டு இருக்கு, அதில என்ன குழாய் இறக்கப்போறாங்கள் எண்டுதான் நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.