இளம்பிள்ளைச் சேலையும் இரண்டாவது தொகையும்

ஏற்காட்டில் குடியிருப்பவர்கள் ஒரு சேலை எடுப்பதற்குக்கூட இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டியிருப்பதால், கைபேசியில் பார்த்து வாங்குவது எங்கள் வீட்டில் பழகிப்போன ஒன்று. ஆவணியில் நடக்கவிருந்த அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்தில் உறவினருக்கு வைத்துக் கொடுப்பதற்காக, சேலத்துக்கு அருகில் சேலை நெய்யும் ஊரான இளம்பிள்ளையின் பெயரைச் சொல்லி, 'இளம்பிள்ளைத் தறியிலிருந்து நேரடியாக' என்று விளம்பரம் செய்த ஓர் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு, ஆடித் தள்ளுபடியில் ஆறு சேலைகளுக்கென்று அண்ணி 5,400 ரூபாயை அனுப்பினார். மறுநாள், பார்சல் சேலம் வந்துவிட்டதாகவும், ஜிஎஸ்டிக்கும் இன்சூரன்சுக்கும் 1,200 ரூபாய் கட்டினால் அதைச் சேலையோடு திருப்பித் தந்துவிடுவதாகவும் அழைப்பு வந்தது. அதையும் அனுப்பினார். மாலைக்குள் அந்த எண் அணைந்துவிட்டது.

அவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தேன். பணம் பெற்றவரின் பெயருக்கும் கடையின் பெயருக்கும் தொடர்பே இல்லை. இரண்டாவது முறை அந்தப் பெயரும் மாறியிருந்தது. அனுப்பியிருந்த பார்சல் ரசீதின் படத்தில் 'ஏற்காடு' என்ற சொல் மட்டும் மற்ற எழுத்துகளைவிடத் தடித்து, கோட்டைத் தாண்டி நின்றது.

இளம்பிள்ளையில் உண்மையாகவே நெய்து விற்பவர்கள் தம் சொந்தப் பெயரில் கணக்கு வைத்திருக்கலாம் என்பதால், பெயரை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிப்பது நியாயமல்ல. நாம் தேர்ந்த சேலையை வீடியோ அழைப்பில் விரித்துக் காட்டச் சொல்லலாம். சிறு நெசவாளரிடம் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலிருக்கலாம். ஆனால் ஜிஎஸ்டியைச் சொல்லித் தனியாகப் பணம் கேட்பவரிடம் அந்தப் பதிவு எண் இருந்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33 என்று தொடங்கும் அந்தப் பதினைந்து எழுத்து எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டால், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி யுபிஐ பின் எண்ணைப் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்; பணம் பெறுவதற்கு அந்த யுபிஐ பின் எண் தேவையே இல்லை.

அன்று இரவே, இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்தோம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போய்ச் சேர்ந்தால் வங்கி அதை நிறுத்திவைக்க வழியுண்டு என்பதால், இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எங்களுக்கு 1,200 ரூபாய் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. முந்தைய நாள் அனுப்பிய தொகை கைமாறிப் போய்விட்டது. முகவரியுள்ள கடை தவறான பொருளை அனுப்பிவிட்டு மாற்றித் தர மறுத்தால், அழைக்க வேண்டியது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையவழி விற்பனை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள்களுக்கு முன் நானும் அண்ணியும் பஸ் பிடித்து இளம்பிள்ளைக்கே போனோம். அண்ணி காட்டிய படத்தைப் பார்த்த ஒரு கடைக்காரர், "இது நாங்க போட்ட படம்மா" என்று தம் கைபேசியில் அதே சேலையை எடுத்துக் காட்டினார். அவருடைய படத்தின் கீழ் ஓரத்தில் இருந்த கடைப் பெயர், அண்ணியிடம் இருந்த படத்தில் வெட்டப்பட்டிருந்தது.